‘செவ்வாய்க்கிழமை வந்து பாருங்கள்’ என்ற மீனலோசனி டீச்சருக்கு

ஸ்கூடாய், கிளென்மோர் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியராகவும், அவற்றுள் பதினான்கு ஆண்டுகள் மாணவர் நலத் துணைத் தலைமையாசிரியராகவும் பணியாற்றி, அறுபது அகவை நிறைந்து இன்று ஓய்வு பெறும் திருமதி மீனலோசனி விஜயேந்திரன் அவர்களுக்கு, உடன் உழைத்த ஆசிரியர்களும் பணியாளர்களும் அன்போடு வாசித்து அளிக்கும் மடல்.

அன்பின் ஊற்றே! அறத்தின் ஆற்றே! கல்விக் கடலே! கருணைத் திடலே!

மன்னிக்க வேண்டும், இது பழக்க தோஷம். இப்பள்ளியில் ஓய்வு பெற்ற ஒன்பது பேருக்கும் மடல் எழுதியவர் தமிழாசிரியர் மதிவாணன். ஒன்பதிலும் ஊற்று உண்டு, ஆறு உண்டு, கடல் உண்டு. திடல் மட்டும் இடத்துக்கேற்பச் சுடர் ஆகும். அலுவலகக் கணினியில் கிடந்த அந்த ஒன்பதையும் சென்ற ஆண்டு ஒரு மழைநாளில் வரிசையாகப் படித்துவிட்டு நீங்கள் கேட்டீர்கள்: “மதி சார், ஒம்பது பேரும் ஒரே ஆளா? எனக்கு எழுதும்போது பொய் எழுதிறாதீங்க. பிரேம் போட்டுக் குடுப்பீங்க, வீட்ல மாட்டணும். என் வீட்டுக்காரர் தினமும் படிச்சுச் சிரிப்பாரு.”

அந்தக் கட்டளைக்குப் பணிந்தே இதை எழுதினோம். பள்ளியைப் பார்க்க வரும் பெற்றோர் கையில் நீங்கள் கொடுப்பீர்களே ஒரு மஞ்சள் தாள், அதன் முறைதான் இம்மடலின் முறை. இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் சொல்லியிருக்கிறோம். ‘தாங்கள்’ என்று எழுதினால் வேறு யாரையோ அழைக்கிறோம் என்று திரும்பிப் பார்ப்பீர்கள் என்பதால் ‘நீங்கள்’ என்றே எழுதிவிட்டோம். இன்னும் ஒன்று. மேடையில் நின்று இதை வாசிப்பவர் இப்பள்ளியின் ஆசிரியர் அல்லர். அவரை ஏன் வாசிக்கச் சொன்னோம் என்பது பின்னால் வரும். உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். மூக்குக்கண்ணாடியை அதற்குள் கழற்றித் துடைக்க வேண்டாம், டீச்சர்.

பெருமதிப்பிற்குரிய ஆசிரியப் பெருந்தகையே!

எங்கள் பள்ளியின் பெயரில் தோட்டம் இருக்கிறது. வாசலில் நின்று பார்த்தால் நான்கு வழிச் சாலை இருக்கிறது, டயர் கடை இருக்கிறது, பல்கலைக்கழக மாணவர்கள் மோட்டார் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தும் நாசி லெமாக் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. எதிர்ப்புறம் நீச்சல் குளத்தோடு ஒரு தனியார் பள்ளியும், இரண்டு தெரு தள்ளி ஒரு சீனப் பள்ளியும் இருக்கின்றன. ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. முதலாம் ஆண்டு வகுப்புப் பதிவுக்கு வரும் பெற்றோர் காரை விட்டு இறங்கும் முன்பே கண்ணாடியை இறக்கி, “தோட்டப் பள்ளியா டீச்சர்?” என்று கேட்பார்கள். எங்களில் வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் பள்ளி வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து சொல்லியிருப்போம். நீங்களோ, “பேரு மட்டும்தான் தோட்டம். உள்ள வந்து பாருங்க. கார அங்க போடாதீங்க, இழுத்துக்கிட்டுப் போயிருவாங்க” என்பீர்கள்.

கழிவறையை முதலில் காட்டிய காரிகையே!

மற்றப் பள்ளிகள் வருகிறவர்களை மண்டபத்துக்கு அழைத்துச் சென்று கோப்பைகளையும் கேடயங்களையும் காட்டும். நீங்கள் கழிவறைக்கு அழைத்துச் செல்வீர்கள். ஆறு மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்காரும் பிள்ளைக்கு எந்தக் கோப்பையும் உதவாது என்பது உங்கள் கட்சி. குழாயைத் திறந்து காட்டுவீர்கள், தாழ்ப்பாளைப் போட்டுக் காட்டுவீர்கள், மூன்றாம் கதவின் தாழ்ப்பாள் உடைந்திருந்தால் அதையும் காட்டுவீர்கள். பின்னால் நின்ற எங்களுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாது. ஆனால் இந்தக் கூத்து தொடங்கிய ஓராண்டுக்குள் பள்ளியில் உடைந்த தாழ்ப்பாள் என்று ஒன்று இல்லாமல் போனதையும் நாங்கள் மறுக்க முடியாது.

அதன் பிறகு நடைபாதையில் நின்றபடியே நீங்கள் ஆற்றும் உரையை நாங்கள் அத்தனை பேரும் மனப்பாடமாகச் சொல்வோம். “திங்கக்கெழம வராதீங்க. அன்னிக்குச் சபைகூடல், எல்லாரும் சட்டைய உள்ள விட்டு நல்லா இருப்போம். செவ்வாய்க்கெழம வாங்க. சொல்லாம வாங்க. பின்வரிசையில உக்காருங்க. பின்வரிசைப் பிள்ளையோட நோட்ட வாங்கி, சிவப்பு மை கடைசியா எந்தத் தேதியில விழுந்திருக்குன்னு பாருங்க. ஓய்வு நேரத்துல தனியா சாப்பிடுற பிள்ளை இருந்தா எந்த டீச்சர் அதுகிட்ட போறாங்கன்னு பாருங்க. போகும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க: ரெண்டாம் ஆண்டுல படிக்கத் தெரியாத பிள்ளைங்க எத்தன பேரு? யாருமே இல்லன்னு எந்தப் பள்ளி சொன்னாலும் அங்க சேக்காதீங்க. எங்க பள்ளி சொன்னாலும் சேக்காதீங்க.”

மஞ்சள் தாளை இங்கே வந்திருக்கும் விருந்தினர் சிலர் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரே பக்கம், மூன்று தலைப்பு. ‘இருக்கிறது’ என்பதன் கீழ்: பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், காலைச் சிற்றுண்டி, படிப்பில் பின்தங்கியவர்களுக்குக் குறைநீக்கல் வகுப்பு. ‘இல்லை’ என்பதன் கீழ்: சீன மொழி ஆசிரியர், மழையில் நனையாமல் காரிலிருந்து இறங்க ஓர் இடம், நல்ல திடல். மூன்றாவது தலைப்புதான் எங்களைப் படாத பாடு படுத்தியது: ‘இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறோம், நீங்களே பாருங்கள்.’ அதன் கீழ் கணினி அறை வந்தது, நூலகம் வந்தது, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மதிவாணன் சாரின் பேச்சுப் போட்டிப் பயிற்சியும் வந்தது. நான்காம் ஆண்டு எங்கள் மாணவி மாவட்ட அளவில் இரண்டாம் பரிசு பெற்ற பிறகே அதை முதல் தலைப்புக்கு மாற்றினீர்கள். அப்போதும் ‘மாவட்ட அளவில்’ என்று அடைப்புக்குறி போட்டீர்கள்.

மகளுக்குச் சீனம் வேண்டும் என்று வந்த மூர்த்தி என்ற தந்தையிடம், “அது எங்ககிட்ட இல்லங்க, அந்தச் சீனப் பள்ளியில நல்லாச் சொல்லித் தராங்க” என்று தாளின் பின்புறம் வழி வரைந்து கொடுத்தவர் நீங்கள். அந்தப் பிள்ளை அங்கே நன்றாகப் படித்தாள். எங்களுக்கு ஒரு பெயர் குறைந்தது. இப்படிக் குறைந்த பெயர்களைப் பற்றி ஆசிரியர் அறையில் நாங்கள் பேசியதெல்லாம் உங்கள் காதுக்கு வந்திருக்கும். வராதது போல நீங்கள் தேநீர் கலக்கிக்கொண்டிருப்பீர்கள்.

உள்ளதை உள்ளபடி உரைத்த உத்தமியே!

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதை இதுவரை எந்த மேடையிலும் யாரும் சொல்லவில்லை. இன்று சொல்ல வேண்டும் என்று எங்கள் கூட்டத்தில் முடிவாயிற்று. சிலருக்கு விருப்பமில்லை. பெரும்பான்மை வென்றது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, அடுத்த ஆண்டின் முதலாம் ஆண்டு வகுப்புக்கு நாற்பத்தொரு பெயர்கள் பதிவாகியிருந்தன. அத்தனை பேரும் வந்தால் இரண்டு வகுப்பு, குறைந்தால் ஒன்று. வகுப்பு ஒன்று குறைந்தால் ஆசிரியரும் ஒருவர் குறைவார். அந்த ஒருவர் யார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். பணிக்கு வந்து மூன்றே ஆண்டான பிரவீனா டீச்சர்தான் எங்களில் இளையவர். இந்த நிலையில் பெற்றோருக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்ட அறிமுக நாள் ஒன்றை ஏற்பாடு செய்தோம். இருபத்து நான்கு குடும்பங்கள் வருவதாகச் சொல்லியிருந்தன. நீங்கள் அன்று கோத்தா திங்கியில் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பட்டறைக்குப் போயிருந்தீர்கள்.

வருகிறவர்கள் இரண்டாம் ஆண்டு வகுப்பில் நுழைந்து பிள்ளைகளை வாசிக்கச் சொல்வார்கள் என்று பேச்சு வந்தது. அந்த வகுப்பில் வாசிக்கத் தெரியாதவர்கள் பதினோரு பேர். வகுப்பாசிரியர் பிள்ளைப்பேற்று விடுப்பில் இருந்தார். ஆகவே அந்தப் பதினோரு பேரையும் ஒரு பந்தோடு திடலுக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்களை முன்வரிசையில் உட்கார வைத்தோம். கால அட்டவணையில் ‘உடற்கல்வி’ என்று எழுதி ஒட்டினோம். எல்லாம் நன்றாக நடந்தது. பெற்றோர் கைதட்டினார்கள், பிரவீனா டீச்சருக்கு உயிர் வந்தது.

ஷர்மினி என்ற தாய் மட்டும் தாமதமாக வந்தார். சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் தாதியாக வேலை பார்ப்பவர். வேலை முடிந்து வரும் வழியில் எல்லைப் பாலத்து நெரிசலில் சிக்கிக்கொண்டார். சீனப் பள்ளியின் விண்ணப்பப் படிவத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, எங்கள் பள்ளியையும் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று வந்தவர். முன் வாசலில் இடம் இல்லாததால் திடல் பக்கமாகக் காரை நிறுத்தினார். வெயிலில் சிமெண்டுத் தரையில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பந்து சாக்கடையில் கிடந்தது. “ஏன் கிளாசுக்குப் போகல?” என்று கேட்டிருக்கிறார். ஒரு சிறுமி எழுந்து நின்று மரியாதையாகப் பதில் சொல்லியிருக்கிறாள்: “நாங்க படிக்கத் தெரியாதவங்க, ஆண்ட்டி. ஆளுங்க எல்லாம் போனதும் எங்களக் கூப்பிடுவாங்க.”

ஷர்மினி உள்ளே வரவில்லை. மறுநாள் காலையில் உங்களைத் தொலைபேசியில் அழைத்தார். “உங்க பிள்ளைங்க உண்மையச் சொல்லிட்டாங்க டீச்சர். நீங்கதான் சொல்லல” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. பள்ளி முடிந்ததும் ஆசிரியர் அறைக்கு வந்தீர்கள். கத்துவீர்கள் என்று காத்திருந்தோம். உங்களுக்குக் கத்த வரும் என்பது இவ்வூர் அறிந்தது. நீங்கள் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் மேசையில் வைத்தீர்கள். “யாரு செஞ்சதுன்னு எனக்கு வேணாம். அந்தப் பதினோரு பேரோட பேர எழுதுங்க.” தாள் கைமாறிக் கைமாறிச் சுற்றி வந்தது. ஒருவர் மூன்று பெயர் எழுதினார், ஒருவர் ஒரு பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதினார். எல்லாருமாகச் சேர்ந்து ஒன்பது பெயர்தான் தேறியது. மீதி இரண்டையும் நீங்கள் எழுதினீர்கள்: குணாளன், லோஷினி. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனீர்கள். அந்தக் கத்தாத வெள்ளிக்கிழமையை எங்களில் ஒருவரும் மறக்கவில்லை.

இந்த இடத்தில் ‘நாங்கள்’ என்று எழுதும் கை கொஞ்சம் நிற்கிறது. மதிவாணனாகிய நான் ஒரு பத்தி தனியாக எழுத நண்பர்கள் இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த யோசனை அன்றைய தலைமையாசிரியருடையது என்றே பன்னிரண்டு ஆண்டுகளாகப் பேச்சு. அவர் மறுக்கவில்லை. அவர் ஓய்வு பெற்றபோது மடல் எழுதியவனும் நான்தான்; அதில் அவரை ‘நேர்மையின் நிலவே’ என்று அழைத்தேன். யோசனை என்னுடையது. பந்தை எடுத்துக் கொடுத்து, “விளையாடுங்க, நான் கூப்பிடுறேன்” என்று சொல்லி அழைத்துப் போனவனும் நான். அந்தத் தலைமையாசிரியர் ஐயா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஐயா, மன்னித்துவிடுங்கள். டீச்சர், உங்களுக்கு இது அன்றே தெரியும் என்று நினைக்கிறேன். மறுநாள் சனிக்கிழமை, அத்தனை ஆசிரியர்களில் என்னை மட்டும் அழைத்து, “வாங்க மதி சார், நம்பரச் சொல்லுங்க, நான் போன் போடுறேன்” என்றீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அறிமுக நாளுக்கு வந்து போன குடும்பங்களின் எண்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். நீங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் அதே வார்த்தைகளைச் சொன்னீர்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

நீங்கள் சொன்னது இது: “வியாழக்கெழம நீங்க பாத்தது எங்க பள்ளி இல்லங்க. பதினோரு பிள்ளைங்கள மறைச்சு வெச்சோம். தப்பு எங்களோடது. இன்னொரு தடவ வாங்க, முழுசாப் பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க.” ‘மறைச்சு வெச்சாங்க’ என்று ஒரு வீட்டில்கூடச் சொல்லவில்லை. பட்டறைக்குப் போயிருந்ததையும் சொல்லவில்லை.

உண்மை பேசியதால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத எங்களுக்கும் ஆசைதான். ஒன்பது குடும்பங்கள் பெயரைத் திரும்பப் பெற்றன. நாற்பத்தொன்று முப்பத்திரண்டானது, இரண்டு வகுப்பு ஒன்றானது. நவம்பரில் பிரவீனா டீச்சருக்கு மாற்றல் கடிதம் வந்தது: கோத்தா திங்கியைத் தாண்டி, செம்பனைக் காட்டுக்குள், மழைக்காலத்தில் சாலை முழுகிவிடும் ஓர் ஊர். பிரியாவிடை விருந்தில் அவர் சாப்பிடவில்லை. உங்களைப் பார்த்து, “நீங்க போன் பண்ணாம இருந்திருக்கலாம் டீச்சர்” என்று மட்டும் சொன்னார். “இருந்திருக்கலாம்மா. என்னால முடியல” என்றீர்கள். அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் எங்களில் பாதிப் பேர் உங்களிடம் வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை. தீபாவளிக்கு நீங்கள் கொண்டு வந்த பலகாரம் மேசையிலேயே கிடந்தது. அதை நீங்கள் எடுத்துக்கொண்டு போய்ச் சிற்றுண்டிச்சாலைச் செல்லம் அக்காவிடம் கொடுத்ததை நாங்கள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தோம். பிரவீனா டீச்சர் இப்பள்ளிக்குத் திரும்பி வரவே இல்லை. இன்று அழைத்தோம், வந்திருக்கிறார், கடைசி வரிசையில் இருக்கிறார். மன்னித்தாரா என்று நாங்கள் கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு இருக்கிறேன் என்றிருக்கிறார்.

ஷர்மினி இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, சொல்லாமல், தாதி உடையோடு வந்து இரண்டாம் ஆண்டு வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்தார். இப்படி வந்த முதல் ஆள் அவர்தான். எழுந்து போகும்போது, “படிக்கத் தெரியாதவங்க எத்தன பேரு?” என்று கேட்டார். “பதினோரு பேரு. வருசக் கடைசியில அஞ்சாக்கணும்னு பாக்குறோம்” என்றீர்கள். கைப்பையில் இருந்த சீனப் பள்ளிப் படிவத்தை அவர் கிழித்துப் போட்டார் என்று எழுதினால் அழகாக இருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. இரண்டு படிவங்களையும் வீட்டுக்குக் கொண்டு போய், ஒரு மாதம் யோசித்து, மகளை இங்கே சேர்த்தார். அந்த மாதம் முழுக்க நீங்கள் அவரை ஒரு முறைகூட அழைத்துக் கேட்கவில்லை. அவர் கேட்ட கேள்வியைத்தான் அதற்குப் பின் எல்லாப் பெற்றோருக்கும் கற்றுக் கொடுத்தீர்கள். வேலைக்குப் போகும் தாய்மாருக்காக, பள்ளி முடிந்த பின் பிள்ளைகளுக்கு மதியப் பராமரிப்பு வேண்டும் என்று அவர் சொன்னது, முதன்முதலாக வந்த மஞ்சள் தாளில் ‘இல்லை’ என்பதன் கீழ் ஏறியது. மூன்றாம் ஆண்டில் முதல் தலைப்புக்கு மாறியது.

படிப்பறியாப் பதினொருவரைப் பாதுகாத்த பாவையே!

அந்தப் பதினோரு பேருக்கு நீங்கள் செய்ததை விரிவாகச் சொன்னால் மேடையை விட்டு இறங்கிப் போய்விடுவீர்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறோம். ஓய்வு நேரத்துக்கு முந்திய இருபது நிமிடம் அவர்களுக்கு என்று வைத்தீர்கள். புத்தகத்தைக் கண்டாலே அவர்கள் முகம் இறுகிவிடுவதால் புத்தகத்தை மூடி வைத்தீர்கள். சிற்றுண்டிச்சாலைச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டி, அன்றன்று என்ன பலகாரம் என்று செல்லம் அக்காவைக் கொட்டை எழுத்தில் தமிழில் எழுத வைத்தீர்கள். பதினோரு பேரும் பலகைக்கு முன்னால் நின்று எழுத்துக் கூட்டுவார்கள். உங்கள் விரல் ஒவ்வோர் எழுத்தாக நகரும்.

ஆகஸ்டு மாதம் ஒரு நாள், உங்கள் அறைக் கதவருகே லோஷினி அழுதுகொண்டு நின்றாள். என்னவென்று கேட்டீர்கள்.

“டீச்சர், இட்டலி இல்லையாம்.”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. போர்டுல இருக்கு.”

நீங்கள் பேனாவை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிற்றுண்டிச்சாலைக்கு ஓடியதை அலுவலக உதவியாளர் காளியப்பன் பார்த்து, தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து அவரும் பின்னால் ஓடினார். பலகையில் ‘இன்று இட்டலி இல்லை’ என்று எழுதியிருந்தது. யாரும் உதவாமல் அந்தச் சிறுமி முழுதாகப் படித்த முதல் வரி அது. அவளுக்கு இட்டலி கிடைக்காத துக்கம். உங்களுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. செல்லம் அக்கா உள்ளே போய்த் தன் சாப்பாட்டுக்கு வைத்திருந்த இரண்டு இட்டலியைக் கொண்டு வந்து கொடுத்தார்.

அந்த ஆண்டின் கடைசியில் ஐந்தாக்க நினைத்தது ஆறில் நின்றது. மஞ்சள் தாளில் ‘ஆறு’ என்றே போட்டீர்கள்.

இப்போது வாசிப்பவரைப் பற்றி. இம்மடலை வாசித்துக்கொண்டிருப்பவர் லோஷினி. அன்று திடலில் எழுந்து நின்று பதில் சொன்ன சிறுமி இவர்தான்; வெள்ளைத் தாளில் எங்களில் எவராலும் எழுத முடியாத இரண்டு பெயர்களில் ஒன்று இவருடையது. இவர் மருத்துவராகவில்லை, வழக்கறிஞராகவில்லை. ஸ்கூடாயில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறார். எந்த மாத்திரை காலையில், எது சாப்பாட்டுக்குப் பின் என்று சீட்டைப் பார்த்துப் பெரியவர்களுக்குத் தமிழில் படித்துச் சொல்கிறார். நிதானமாகத்தான் படிப்பார், இந்த மடலிலும் இரண்டு மூன்று இடத்தில் தடுக்கியிருப்பார். அது மதிவாணன் சாரின் தமிழ் செய்த குற்றம். வேறு நல்ல குரல் வளம் உள்ளவரை வைத்து வாசிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. இந்தப் பள்ளியில் அப்படி ஒரு முறை செய்து பார்த்தாயிற்று, மறுபடியும் வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

குறையும் கூறச் சொன்ன கோமகளே!

குறைகளைச் சொல்லாவிட்டால் இம்மடலை வாங்க மாட்டீர்கள். கூட்டம் கால் மணி நேரத்தைத் தாண்டினால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாது. இரவல் வாங்கிய உணவுப் பாத்திரம் எதையும் நீங்கள் திருப்பித் தந்ததாகச் சான்று இல்லை. புதிய ஆசிரியர்களை முதல் வாரத்திலேயே ஒரு முறை அழ வைப்பீர்கள். இரண்டாம் வாரம் அவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பீர்கள். மற்றவர் காரை எங்கே போட வேண்டும் என்று சொல்லும் நீங்கள், இருபத்திரண்டு ஆண்டுகளாக உங்கள் காரை இரண்டு கோட்டுக்கும் நடுவில்தான் போட்டீர்கள். இதில் எதையும் உங்கள் வீட்டுக்காரர் விஜயேந்திரன் ஐயா புதிதாகக் கேட்டிருக்க மாட்டார்.

உங்கள் ஓய்வுக் காலத்தைப் பற்றி எங்களுக்கு உள்ள விருப்பங்கள் சாதாரணமானவை. முழங்கால் வலி குறைய வேண்டும். மாத்திரைகளை வேளை தவறாமல் விழுங்க வேண்டும், லோஷினி கண்காணிப்பார். ஆயர் ஈத்தாம் சாலையோரக் கடைகளில் காரை நிறுத்தி நிறுத்திப் பூந்தொட்டி வாங்குவதற்கு இனி நேரம் இருக்கும், வாங்குங்கள். ஐயாவோடு நெடுங்காலம் நலமாக இருந்து, பிரேம் போட்ட இந்த மடலைத் தினமும் பார்த்து இருவரும் சிரிக்க வேண்டும். ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை, சொல்லாமல் வந்து, பின்வரிசையில் உட்கார வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை. வரும் ஆண்டுக்கான மஞ்சள் தாளை நேற்று தயாரித்தோம். நீங்கள் இல்லாமல் தயாரித்த முதல் தாள். ‘இருக்கிறது’ என்பதன் கீழ் ஒரு பெயரை எழுதி அடித்தோம். ‘இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறோம்’ என்பதன் கீழ் எழுதிப் பார்த்தோம், அதையும் அடித்தோம். ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. நீங்கள் இருந்திருந்தால் எங்கே எழுதச் சொல்வீர்கள் என்று செல்லம் அக்கா கேட்ட பிறகு பேனாவை எடுத்து எழுதிவிட்டோம். அந்தத் தாள் இந்த மடலின் பின்னால் இருக்கிறது. லோஷினி, அதில் இரண்டாம் தலைப்பை மட்டும் வாசித்துவிடும்மா.

இல்லை:
சீன மொழி ஆசிரியர்.
நல்ல திடல்.
மீனலோசனி டீச்சர்.

இவ்வாறு உள்ளதை உள்ளபடி எழுதி ஒப்பமிடுவோர்,
கிளென்மோர் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள், சிற்றுண்டிச்சாலைச் செல்லம்,
ஸ்கூடாய், ஜொகூர்.